பெட்டியோடு வந்த பாதிக் கம்பளம்

துருக்கிக் கம்பளம் சேர்க்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் என் சட்டையைப் பார்ப்பார்கள். அப்புறம் செருப்பைப் பார்ப்பார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் இருப்பவன், தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கிற பிரிவில் பயிற்சி ஆள், ஞாயிற்றுக்கிழமை தன் துணியைத் தானே துவைத்துக்கொள்கிறவன். இவனுக்கு எதற்குத் துருக்கிக் கம்பளம்? எனக்கும் அதற்குச் சரியான பதில் தெரியாது. மெட்ராஸில் டிப்ளமா படித்த காலத்தில் ஒரு நாள் மழைக்கு ஒரு நூலகத்தில் ஒதுங்கினேன். யாரோ மேஜையில் திறந்தபடி விட்டுப்போன தடிமனான புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. சிவப்புத் தரை, அதன் மேல்பாகத்தில் நம் வீட்டுச் சுவரில் விளக்கு வைப்போமே அது மாதிரி ஒரு மாடம், சுற்றிலும் கரைக்குள் கரை. மழை விட்ட பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. அப்புறம் அதே புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் தேடி வாங்கினேன். நடந்தது அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்று பிறந்தபோது என் சேகரிப்பில் மொத்தம் ஒரு கம்பளம் இருந்தது. அதுவும் பொய். வாலாஜாபாத்தில் ஒரு காயலான் கடையில், உடைந்த கட்டில் கால்களுக்கு நடுவே சுருட்டிக் கிடந்ததைத் துருக்கி என்று நம்பித் தூக்கி வந்தேன். அறைக்கு வந்து விரித்தபோது குஞ்சம் கையோடு வந்துவிட்டது. கையால் முடிச்சிட்டு நெய்த கம்பளத்தில் குஞ்சம் என்பது தனி அலங்காரம் இல்லை. நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் நுனியேதான் குஞ்சமாகத் தொங்கும். தனியாகத் தைத்திருந்தால் அது மிஷினில் ஓட்டியது. இந்த விஷயம் புத்தகத்தின் ஆரம்பத்திலேயே எழுதியிருந்தது. நான்தான் படங்களுக்கு ஓடிவிட்டேன்.

உண்மையான ஒன்று என்னைத் தேடித் தொழிற்சாலைக்கே வரும் என்று நான் நினைக்கவில்லை.

அப்போது எங்கள் தொழிற்சாலைக்கு ஜெர்மனியிலிருந்து பழைய இயந்திரங்கள் வந்துகொண்டிருந்தன. பொங்கல் முடிந்த வாரம் ஒரு கிரைண்டிங் மிஷின் வந்தது. உடம்பு ஒரு பெட்டியில், தலை இன்னொரு பெட்டியில். உடம்பு முதலில் வந்தது. பெட்டி என்றால் பைன் பலகையில் அடித்த, ஆள் உயரப் பெட்டி. கிரேன் மிஷினைத் தூக்கியபோது அதன் இரும்பு அடிக்கும் பலகைக்கும் நடுவில் அதிராமல் இருக்க எதையோ நாலாக மடித்துச் செருகியிருந்தது தெரிந்தது. ஒரு ஹெல்பர் அதை உருவி, மிஷின் மேல் இருந்த கிரீஸைத் துடைக்க ஆரம்பித்தார். அவர் புரட்டிய ஒரு நொடியில் அடிப்பக்கத்து முடிச்சு வரிசை தெரிந்தது. பாய்ந்து பிடுங்கினேன்.

"சார், எண்ணெ சார். சட்ட பாழாப்பூடும்" என்றார் அவர்.

சட்டை பாழானது. ஒரு தீக்குச்சியால் கம்பளி முடியை விலக்கி உள்ளே பார்த்தேன். ஒவ்வொரு முடிச்சும் இரண்டு பாவு நூலைச் சேர்த்துச் சுற்றி, இரண்டு நுனியும் நடுவில் ஒன்றாக வெளியே வந்திருந்தது. துருக்கி முடிச்சு. ஜெர்மனித் தொழிற்சாலைகளில் துருக்கியர்கள் வேலை செய்கிறார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். அவர்களில் ஒருவர் வீட்டில் தேய்ந்துபோய்ப் பட்டறைக்கு வந்ததாக இருக்கலாம். ஆனால் அது பாதிதான். ஒரு ஓரத்தில் குஞ்சமும் கரையும் ஒழுங்காக இருந்தன. எதிர் ஓரத்தை யாரோ கத்தியால் குறுக்கே நேராக அறுத்திருந்தார்கள். கையில் இருந்தது கீழ்ப்பாதி: வெறும் சிவப்புத் தரை, அதில் அக்கம்பக்கமாக இரண்டு இடம் உள்ளங்கை அளவுக்கு முடி தேய்ந்து நூல் தெரிந்தது. யாரோ வருஷக்கணக்கில் மண்டியிட்டுத் தொழுத இடம். அப்படியானால் இது தொழுகைக் கம்பளம், மேல்பாதியில் மாடம் இருக்க வேண்டும். ஒரு கம்பளத்தை இரண்டாக அறுத்து இரண்டு பெட்டிக்கும் மெத்தை வைத்திருக்கிறார்கள். மாடம் இரண்டாவது பெட்டியில் வருகிறது.

இங்கே எங்கள் தொழிற்சாலை வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். பெட்டிப் பலகைக்குத் தொழிலாளிகளிடம் அவ்வளவு கிராக்கி. அந்தப் பலகையில்தான் சுற்றுவட்டாரத்தில் பாதி வீட்டுக்குக் கதவு, மாட்டுக்கொட்டகைக்குத் தடுப்பு, கோழிக்கூண்டு. சண்டை வராமல் இருக்க ஒரு ஹெல்மெட்டில் சீட்டுப் போட்டுக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ அவருக்குப் பெட்டி. ஆணி, இரும்புப் பட்டை, வைக்கோல் எதுவானாலும் பெட்டியோடு வந்தது பெட்டிக்காரனுக்கு. ஸ்டாஃப் ஆட்களுக்குச் சீட்டு கிடையாது. முதல் பெட்டி கிரேன் ஆபரேட்டருக்கு விழுந்தது. அவர் கம்பளத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீயே வெச்சுக்கோ, எனக்குப் பலகதான்" என்றார். அன்றிலிருந்து எனக்கு ஜமுக்காள சார் என்று பெயர்.

இரண்டாவது பெட்டி வந்த வாரம் பார்த்து எனக்கு மெட்ராஸில் பயிற்சிப் பரீட்சை. நாலு நாள் கழித்துத் திரும்பினால் பெட்டி பிரித்து, குலுக்கி, டிராக்டரில் ஏறிப் போய்விட்டது. விழுந்தது பென்னலூர் ஃபிட்டர் அண்ணனுக்கு.

வேறு யாராக இருந்தாலும் நேராகப் போய், "அண்ணா, உள்ள ஒரு ஜமுக்காளம் இருந்துச்சா?" என்று கேட்டிருப்பார்கள். நான் படித்தவன். புத்தகத்தில் சேகரிப்பவர்களுக்கு என்று ஒரு அறிவுரை இருந்தது: ஆசையை முகத்தில் காட்டாதே, காட்டினால் பொருள் நகர்ந்துவிடும். ஆகவே நான் ஃபிட்டர் அண்ணனிடம், "உங்க வூட்டுக் கதவு நல்லா வந்துருக்காமே, பாக்கலாமா?" என்று கேட்டேன்.

கதவு உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது. நடுப்பலகையில் ஒரு கண்ணாடிக் கோப்பையின் படம், கறுப்பு மையில், நேராக. உடையும் பொருள், பார்த்து இறக்கு என்பதற்கு உலகமெல்லாம் பெட்டிகளில் போடுகிற அடையாளம் அது. அண்ணன் வீடு கிறிஸ்தவ வீடு. அண்ணி அதைச் சர்ச்சில் திராட்சரசம் கொடுக்கும் திருவிருந்துப் பாத்திரம் என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பலகைதான் தலைவாசல் கதவுக்கு நடுவில் வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்று செய்ய வைத்திருந்தார்.

"வேற எந்தப் பலகைலயும் இல்ல தம்பி, இது ஒண்ணுலதான். பாத்தீங்களா?" என்றார்.

"ஆமா அண்ணி" என்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் பெட்டியைப் பற்றி எனக்கு ரொம்பத் தெரியும் என்று சந்தேகம் வரும் என்ற கணக்கும் இருந்தது.

அண்ணி ரவிக்கை தைப்பவர். முன்னறையில் தையல் மிஷின், ஒரு பெஞ்ச், சுவரோரமாகக் காடாத் துணி உறை போட்ட ஒரு மெத்தை. டீ கொடுத்து அந்த மெத்தையில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்துகொண்டு கண்ணால் அறையைத் துழாவினேன். ரேடியோவுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, தையல் மிஷினுக்குப் பூப்போட்ட உறை. கம்பளம் இல்லை.

அடுத்த ஞாயிறு ஒரு ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போனேன். அதே மெத்தை, அதே டீ. அண்ணன் பின்புறம் கட்டிய ஆட்டுக்கொட்டகையைக் காட்டினார். ஆடுகளுக்குக் கீழே சாக்கு விரித்திருக்கிறதா, வேறு ஏதாவதா என்று குனிந்து பார்த்தேன். சாக்குதான். ஒரு ஆடு என் பாக்கெட்டிலிருந்த காகிதத்தைத் தின்றுவிட்டது. அந்தக் காகிதத்தில்தான் நான் மேல்பாதி எப்படி இருக்கும் என்று கட்டம் போட்டு வரைந்து வைத்திருந்தேன். அறையில் அப்படி இன்னும் எட்டுப் பத்து இருந்தன. ஒன்றில் மாடத்தில் விளக்கு தொங்கும், ஒன்றில் பூச்சாடி, ஒன்றில் ஒன்றுமே இல்லாமல் வெறும் வெளி. வேலை முடிந்து வந்து, எதிரே சுவரில் தொங்கும் கீழ்ப்பாதியைப் பார்த்துக்கொண்டே வரைவேன். அதன் எண்ணெய்ப் பிசுக்குப் போக நான் நன்றாகத் துவைத்திருந்தேன். வெளிர் ரோஜா நிறத்தில் அழகாக இருந்தது. காலம் கொடுத்த நிறம் என்று பக்கத்து அறைக்காரரிடம் பெருமை பேசினேன்.

மூன்றாவது ஞாயிறு எந்தச் சாக்கும் கிடைக்கவில்லை. சும்மா போனேன். மெத்தையில் உட்கார்ந்தேன். அண்ணன் துவரம் பருப்பு வாங்கப் போயிருந்தார். அண்ணி டீயை வைத்துவிட்டுப் போகாமல் எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லுங்க அண்ணி."

"நீங்க இன்னாத்துக்கு வந்துகினு கீறீங்க?"

நான் டீயைப் பார்த்தேன்.

"பக்கத்து வூட்டுல கேக்கறாங்க. எங்க நாத்தனாரப் பொண்ணு பாக்கத்தான் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வராரான்னு. அதுவோ ஒங்களக் கண்டா உள்ள பூந்துக்குது. அப்டி ஏதாச்சும்னா பெரியவங்களக் கூட்டினு வாங்க, பேசலாம். இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. அது பாவம் வாரவாரம் தலவாரிக்கினு காத்துனு கீது."

உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது: "நான் ஒண்ணும் காத்துனு இல்ல அண்ணி. அந்தாளு ஆட்டுக்குக் கீழ குனிஞ்சு பாத்த அன்னிக்கே எனக்குப் பயமாப் போச்சு."

அதற்கு மேல் புத்தகத்தின் அறிவுரையைப் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மழை, நூலகம், துருக்கி முடிச்சு, அறுத்த ஓரம், மாடம், இரண்டாவது பெட்டி. மேல்பாதி கிடைக்காவிட்டால் தூக்கம் வராது என்பதையும் சொன்னேன். அண்ணி குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், "எழுந்திருங்க" என்றார்.

வெளியே போகச் சொல்கிறார் என்று நினைத்து எழுந்தேன். அவர் குனிந்து நான் உட்கார்ந்திருந்த மெத்தையின் உறை முடிச்சுகளை அவிழ்த்தார்.

மூன்று ஞாயிறு நான் அதன் மேலேயே உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

உள்ளே ஒரு பழைய போர்வை, அதற்கு மேலே அது. ரத்தச் சிவப்பு. புத்தகத்தில்கூட அப்படி ஒரு சிவப்பை நான் பார்த்ததில்லை. நடுவில் படிப்படியாக ஏறிக் கூம்பும் மாடம். விளக்கு இல்லை, பூச்சாடி இல்லை. நான் வரைந்த எதுவுமே இல்லை. மாடத்தின் ஒரு பக்கம் மூக்கு வைத்த சின்னத் தண்ணீர்ச் செம்பு, மறுபக்கம் ஒரு சீப்பு. மாடத்துக்கு மேலே பச்சை ஆரம்பித்து, பாதியில் சாயம் தீர்ந்து, நீலத்தில் முடிந்திருந்தது.

"இது இன்னா, கூஜாவா?" என்றார் அண்ணி. "நல்லா கீதுன்னு ஒற தெச்சுப் போட்டேன். இவ்ளோ நாளு உத்துப் பாக்கல."

"தொழுவுறதுக்கு முன்னாடி கை கால் கழுவறதுக்கு அண்ணி. சீப்பு தாடி வாரிக்க."

"ஓ. அவங்களும் ஜெபத்துக்குத்தான் வெச்சிருந்தாங்களா?" என்று கேட்டுவிட்டு அந்தச் செம்பை விரலால் தடவினார். பிறகு சொன்னார்: "தம்பி, இத நான் தர மாட்டேன்."

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் நடந்துகொண்டிருந்தன. தெருவுக்கு ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம். அந்த வருஷம்தான் முதல்முறையாக அண்ணி வீட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். சிமெண்டுத் தரையில் முழங்கால் போட முடியாத பெண்கள் நாலைந்து பேர். அண்ணிக்கே தையல் மிஷின் மிதித்து மிதித்து இடது முட்டி போய்விட்டது. அவர்கள் மாறி மாறி மண்டியிடத்தான் அந்த மெத்தை.

காஞ்சிபுரத்தில் புது ரப்பர் மெத்தை இரண்டு வாங்கித் தருகிறேன் என்றேன். நாலு என்றேன். அண்ணி சிரித்தார்.

"மொதல்ல ஒங்க பாதிய எடுத்தாங்க. ரெண்டையும் சேத்து வெச்சுப் பாக்கலாம். அப்பறம் பேசிக்கலாம்."

அடுத்த ஞாயிறு கொண்டுபோனேன். என் கணக்கு எளிமையாக இருந்தது. இரண்டும் சேர்ந்து கிடப்பதைப் பார்த்தால் யாருக்குமே பிரிக்க மனசு வராது, கொடுத்துவிடுவார்கள். அண்ணன், அண்ணி, கதவருகே நாத்தனார், எல்லோரும் நின்றார்கள். மேல்பாதியை விரித்து அதற்குக் கீழே என்னுடையதை விரித்தேன்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அண்ணன்தான் மெதுவாக, "இது வேற ஜமுக்காளமா தம்பி?" என்றார்.

ஒரே கம்பளம்தான். அறுத்த இடத்தில் நூலுக்கு நூல் எண்ணிக்கை பொருந்தியது. ஆனால் மேலே ரத்தச் சிவப்பு, கீழே வெளுத்த ரோஸ். போதாததற்கு என் பாதி இரண்டு விரல் அகலம் குறைந்திருந்தது. கொதிக்கிற தண்ணீர், வாஷிங் சோடா, மொட்டைமாடியில் மூன்று நாள் வெயில். காலம் ஒன்றும் கொடுக்கவில்லை, நான்தான் எடுத்திருந்தேன். புத்தகத்தில் கழுவும் முறைக்குத் தனியாக ஒரு அத்தியாயம் இருந்தது. முடிச்சு அத்தியாயத்தைத் தாண்டி நான் போகவே இல்லை.

"எம்மாம் படிச்சுட்டு இப்டி வெளுத்து வெச்சிருக்கீங்களே" என்றார் அண்ணி.

"எங்கண்ணியே தேவல, ஒற போட்டு மூட்டகட்டி வெச்சாங்க" என்றது கதவருகே இருந்த நாத்தனார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் அறைச் சுவரை நினைத்துப் பார்த்தேன். சாயங்கால வெயில் நேராக அந்தச் சுவரில்தான் விழும். மாடத்தையும் கொண்டுபோய் அங்கே மாட்டினால் ஒரு வருஷத்தில் அதுவும் ரோஸாகிவிடும். கேட்க வந்ததை நான் கேட்கவில்லை.

அப்போது அண்ணி, முழு நீளத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்க, என் பாதியின் மேல் மெல்ல மண்டியிட்டார். வலிக்கிற முட்டியை முதலில் வைத்து, பிறகு மற்றதை. தேய்ந்துபோன அந்த இரண்டு இடத்துக்கும் ஒரு விரல் உள்ளே தள்ளி அவருடைய முழங்கால்கள் படிந்தன. அதில் முதலில் தொழுதவர் அண்ணியைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பாக இருந்திருக்க வேண்டும். மண்டியிட்டபடியே மாடத்தைப் பார்த்தார். பார்க்க வேண்டிய தூரத்தில், பார்க்க வேண்டிய இடத்தில் அது இருந்தது.

"இப்பதான் சரியா கீது" என்றார். எனக்குச் சொன்னது மாதிரி தெரியவில்லை.

"அண்ணி, என்னோடதையும் நீங்களே வெச்சுக்குங்க" என்றேன். சொல்லும்வரை அப்படிச் சொல்லப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது.

"நெஜமாவா?"

"சேத்துத் தெச்சுடலாம்."

கேட்டதும் அவருக்குள் இருந்த தையல்காரி எழுந்துவிட்டார். கோணி ஊசி எடுத்து வந்தார். வெள்ளை நூல் கூடாது, என் பாதியின் அறுந்த ஓரத்தில் பிரிந்த கம்பளி நூலையே உருவித் திரித்துத் தைக்க வேண்டும் என்றேன். அந்த ஒரு இடத்தில் என் புத்தகம் உதவியது. அகலம் இரண்டு விரல் குறைகிறதே, கரை எப்படிப் பொருந்தும் என்று நான் கவலைப்பட்டேன். அது அவருக்கு ஒரு விஷயமே இல்லை.

"ரவிக்கைக்குக் கை வெச்சுத் தெக்கறாப்லதான். கைத்துணி பெருசா இருக்கும், தோளு சின்னதா இருக்கும். நடுவுலருந்து ஆரம்பிச்சு, பெருச சின்னதுக்குள்ள கொஞ்சங்கொஞ்சமா அமுக்கிக்கினு வரணும். யாருக்கும் தெரியாது."

அண்ணனும் நானும் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தோம். கம்பளி இறுகியிருந்ததால் ஊசியை அண்ணன் குறட்டால் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. நாத்தனார் நூல் திரித்துக் கொடுத்தது, இரண்டு முழத்துக்கு ஒருமுறை என்னைப் பார்த்துச் சிரித்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு முடிந்தது. நிறம் மாறுகிற கோடு அப்படியே இருந்தது, அதை எந்தத் தையலும் மறைக்காது. ஆனால் கரை இந்த ஓரம் தொடங்கி அந்த ஓரம்வரை எங்கும் விடாமல் ஓடியது.

கிளம்பும்போது கதவருகே நின்று, இதையும் சொல்லிவிடுவோம் என்று சொன்னேன். "அண்ணி, இந்தக் கோப்ப திருவிருந்துப் பாத்திரம் இல்ல. ஒடையற சாமான், பாத்து எறக்குன்னு அர்த்தம்."

"தெரியும். அவரு அன்னிக்கே சொல்லிட்டாரு. இருந்துட்டுப் போவுது, பாக்க நல்லா கீது."

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் அவர்கள் வீட்டில் கூட்டம் நடந்தது. நான் போகவில்லை, ஷிப்ட். மறுநாள் ஃபிட்டர் அண்ணன் கேண்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்து, "ஒரு கெழவி எழுந்திருக்கவே மாட்டேன்னுது தம்பி" என்றார்.

சித்திரையில் மூன்றாவது மிஷின் வந்தது. பெட்டியின் மேல்பலகையைக் கழற்றும் முன்பே யாரோ கத்தியது எங்கள் பிரிவுவரை கேட்டது: "ஜமுக்காள சாரக் கூப்புடுங்கப்பா." அளவுக் கருவியைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். மிஷினைத் தூக்கினார்கள். அடியில் வைக்கோல்தான், ஜெர்மன் செய்தித்தாள்தான். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "அடுத்த பெட்டி எப்ப வருது?" என்று கேட்டேன். சிரித்தார்கள். நான் கேலிக்குக் கேட்கவில்லை.

யாராவது என் சேகரிப்பைக் கேட்டால் இப்போது இரண்டு என்று சொல்கிறேன். பொய்யானது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நிஜமானது பென்னலூரில் இருக்கிறது. பழைய உறை நீளம் போதவில்லை என்று அண்ணி புதிதாகத் தைத்திருக்கிறார், ஏழு நாடா வைத்து. கம்பளிக்குக் காற்று வேண்டும், உறை வேண்டாம் என்று நான் ஒவ்வொரு முறையும் வாதாடுகிறேன். வெயிலில் போட்டு வெளுத்தவர் பேசக் கூடாது என்கிறார். அப்படிச் சொல்லிக்கொண்டே டீ போட உள்ளே போகிறார். நான் ஒவ்வொரு நாடாவாக அவிழ்க்க ஆரம்பிக்கிறேன்.